நாடகம் இல்லாத நாட்கள்: தமிழ் அமெச்சூர் குழுக்களின் ஆண்டுக் கணக்கு

ஓர் அமெச்சூர் நாடகக் குழு ஓராண்டில் மேடையில் இருக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் சில பத்து மணி நேரம்தான் தேறும். மீதி நாட்களில் அப்படி ஒரு குழு இருக்கிறது என்பதற்கு என்ன அடையாளம்? சம்பளம் கிடையாது. ஒப்பந்தம் கிடையாது. நாளைக்கு வரமாட்டேன் என்று ஒருவர் சொன்னால் அவரைக் கட்டாயப்படுத்த வழியும் கிடையாது. இருந்தும் சில குழுக்கள் அரை நூற்றாண்டைத் தாண்டி நிற்கின்றன. பல குழுக்கள் இரண்டாவது நாடகத்தைப் பார்க்காமலே கலைந்துபோகின்றன. இதற்கான காரணத்தைக் கதையிலும் வசனத்திலும் நடிப்பிலும் தேடுவது நம் வழக்கம். ஒத்திகை, பூஜை, விருந்து, வெளியூர்ப் பயணம், ஆண்டு விழா என்று குழு தனக்காக வைத்துக்கொள்ளும் நாட்களில் அதைத் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த நாட்களைக் குறிப்பது குழுவா, அலுவலகமா, சபாவா என்பதைப் பொறுத்தே குழுவின் ஆயுள் அமைந்துவந்திருக்கிறது.

தொடக்கத்திலேயே இதற்கு மிகப் பெரிய சான்று இருக்கிறது. 1891ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி சென்னையில் சுகுண விலாச சபை தொடங்கியபோது பம்மல் சம்பந்த முதலியாருக்கு வயது பதினெட்டு. அதே ஆண்டில் பல்லாரி கிருஷ்ணமாச்சார்லுவின் சரச விநோதினி சபையார் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் நடத்தியிருந்தார்கள். படித்தவர்கள், கௌரவமான உத்தியோகத்தில் இருப்பவர்கள் அரிதாரம் பூசி மேடை ஏறியதைப் பார்த்த இளைஞர்களுக்கு நாமும் செய்தால் என்ன என்ற எண்ணம் வந்தது. கூத்தாடி என்ற சொல் வசையாக இருந்த காலம் அது. வக்கீலுக்குப் படிக்கும் பையன் நாடகம் ஆடுகிறான் என்றால் வீட்டில் ஒப்புவார்களா? ஒப்ப வைத்தது சபை என்ற அமைப்பு. உறுப்பினர் சந்தா, காரியதரிசி, நிர்வாகக் கமிட்டி, ஆண்டுக் கூட்டம், கணக்கு வழக்கு எல்லாம் உள்ள ஒரு சங்கத்துக்குப் போய்வருகிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொள்ள முடிந்தது. நாடகத்துக்கு மரியாதை வரும் முன்பே நாடகக்காரர்கள் கூடும் இடத்துக்கு மரியாதை வந்துவிட்டது.

சம்பந்த முதலியார் எழுதிய ‘நாடக மேடை நினைவுகள்’ பல பாகங்கள் கொண்டது. அதைப் படிக்கும்போது நாடகங்களைப் பற்றிய செய்திக்கு இணையாக மனிதர்களைப் பற்றிய செய்தி கண்ணில் படுகிறது: யார் யாருடன் எப்படிப் பழகினார்கள், எந்தப் பாத்திரத்துக்காக யாருக்குள் மனஸ்தாபம், அது எப்படித் தீர்ந்தது. அவருடன் கதாநாயகியாக நடித்த ரங்கவடிவேலு வக்கீல். அந்த நட்பு இல்லாமல் சபையின் பொற்காலத்தை நினைத்துப் பார்க்க முடியாது. பிற்காலத்தில் காங்கிரஸ் தலைவராகப் புகழ்பெற்ற எஸ். சத்தியமூர்த்தி ‘மனோகரா’வில் நடித்ததும் இந்தச் சபையில்தான். அரசியலில் எதிரெதிர் முகாமில் இருந்தவர்களும் கோர்ட்டில் எதிரெதிர் கட்சிக்கு வாதாடியவர்களும் மாலையில் ஒரே ஒத்திகையில் நின்றார்கள். சம்பந்த முதலியாரே பின்னாளில் ஸ்மால் காசஸ் கோர்ட்டில் நீதிபதியாக இருந்தவர்.

விக்டோரியா பப்ளிக் ஹாலில் சபை நாடகம் போட்ட காலத்தில் குறித்த நேரத்தில் திரையைத் தூக்குவதைச் சம்பந்த முதலியார் ஒரு கொள்கையாகவே வைத்திருந்தார். விடிய விடிய நடந்த நாடகம் சில மணி நேரத்துக்குச் சுருங்கியது. இதை நாடகச் சீர்திருத்தம் என்றே எல்லாரும் எழுதுகிறார்கள், சரிதான். மறுநாள் காலை கச்சேரிக்குப் போக வேண்டிய மனிதர்களின் நாடகம் அது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உத்தியோகம் பார்ப்பவர் கண் விழித்து ஆட முடியாது, பார்க்கவும் முடியாது. தமிழ் நாடகத்தின் நீளத்தைக் குறைத்ததில் அலுவலக மணிக்கும் பங்கு உண்டு.

சபையின் வெளியூர்ப் பயணங்களில் மிகுந்த விளைவு தந்தவை இலங்கைப் பயணங்கள். 1906இலும் 1911இலும் அவர்கள் கடல் கடந்து போய் நடித்தார்கள். இன்று ஒரு குழு கொழும்புக்குப் போவது ஒரு மணி நேர விமானக் காரியம். அன்று இத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் விடுப்பு வேண்டும், சமையலுக்கு ஆள் வேண்டும், திரைகளும் உடுப்புப் பெட்டிகளும் ரயிலிலும் கப்பலிலும் ஏற வேண்டும். நாட்கணக்கில் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகப் பயணம் செய்த குழு திரும்பி வரும்போது வேறு குழுவாக இருக்கும். பயணம் போன ஊரிலும் அது விதை போட்டது. சுகுண விலாச சபையின் நடிப்பைப் பார்த்துத் தூண்டப்பட்ட கலையரசு சொர்ணலிங்கம், சில ஆண்டுகளிலேயே கொழும்பில் இலங்கை சுபோத விலாச சபையை நிறுவினார். பெயரிலேயே வழி தெரிகிறது. அவர் எழுதிய ‘ஈழத்தில் நாடகமும் நானும்’ நூலைச் சம்பந்த முதலியாரின் நினைவுகளோடு சேர்த்துப் படிப்பவருக்கு, ஒரு சபையின் பயண நிரல் ஒரு நாட்டின் நாடக வரலாற்றுக்குள் எப்படி நுழைந்தது என்பது விளங்கும்.

பிறகு என்ன ஆயிற்று? நடிகர்களுக்கு வயதாயிற்று. ரங்கவடிவேலு மறைந்தார். பேசும்படம் வந்தது. சுகுண விலாச சபை சாகவில்லை. அண்ணா சாலையில் உறுப்பினர் கிளப்பாக இன்றும் இருக்கிறது. சந்தா உண்டு, கமிட்டி உண்டு, மாலையில் நண்பர்கள் கூடுவதும் உண்டு. அது பேர்போனது நாடகத்துக்காக. இன்று நடப்பது பொழுதுபோக்கு மன்றம். கூடும் நாட்கள் நாடகத்தை விட நீண்ட ஆயுள் கொண்டவை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. எனக்கு இதில் வருத்தமும் உண்டு. விருந்தும் சந்திப்பும் அடுத்த நாடகத்தை நோக்கி நகரும் வரைதான் அது நாடகக் குழுவின் நாட்காட்டி. அந்தக் கயிறு அறுந்த பின் மிஞ்சுவது நட்பு மட்டுமே. அது நல்லதுதான், ஆனால் அதற்காக யாரும் அரிதாரம் பூச மாட்டார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு சென்னையில் அமெச்சூர் நாடகம் மறுபடி துளிர்த்தது அரசு அலுவலகங்களிலும் கம்பெனிகளிலும். ஏ.ஜி. ஆபீஸ், ரயில்வே, வங்கிகள் என்று ஒவ்வொன்றிலும் ரிக்ரியேஷன் கிளப் இருந்தது. அதற்கு ஓர் ஆண்டு விழா இருந்தது. ஆண்டு விழா என்றால் ஒரு நாடகம் இருந்தது. நாகேஷ் ரயில்வே குமாஸ்தா. அப்படியொரு மேடையில் வயிற்றுவலிக்காரராக அவர் சில நிமிடம் வந்து போனதைத் தலைமை தாங்க வந்திருந்த எம்.ஜி.ஆர். மேடையிலேயே பாராட்டினார் என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. கே. பாலசந்தர் ஏ.ஜி. ஆபீஸ் ஊழியராக இருந்துகொண்டே நாடகம் எழுதினார். அவருடைய ராகினி ரிக்ரியேஷன்ஸ் என்ற பெயரிலேயே அலுவலகக் கிளப்பின் வாசனை அடிக்கிறது. ‘மேஜர் சந்திரகாந்த்’, ‘சர்வர் சுந்தரம்’, ‘நீர்க்குமிழி’ எல்லாம் ஐந்து மணிக்கு நாற்காலியை விட்டு எழுந்தவர்கள் உருவாக்கியவை. 1952இல் ஒய்.ஜி. பார்த்தசாரதியும் பட்டுவும் தொடங்கிய யுனைடெட் அமெச்சூர் ஆர்டிஸ்ட்ஸ் (யு.ஏ.ஏ.), சோவின் விவேகா ஃபைன் ஆர்ட்ஸ், காத்தாடி ராமமூர்த்தியின் ஸ்டேஜ் கிரியேஷன்ஸ், பிறகு 1979இல் கிரேஸி கிரியேஷன்ஸ் என்று வரிசை நீள்கிறது. சோ வக்கீல், கம்பெனி சட்ட ஆலோசகர். கிரேஸி மோகன் இன்ஜினீயர். பூர்ணம் விஸ்வநாதன் வானொலியில் செய்தி வாசித்தவர்; அவர் மேடை ஏற்றிய நாடகங்களை எழுதிய சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பணிபுரிந்தவர்.

இவர்களுடைய ஆண்டை உண்மையில் வகுத்தவர் குழுவின் செயலாளர். அவர் டைரியைப் புரட்டிப் பார்த்தால் தமிழ்க் குடும்ப வாழ்க்கை முழுவதும் அதில் தெரியும். மார்ச் கடைசி வாரம் வங்கிக்காரர்கள் கிடைக்க மாட்டார்கள். இயர் எண்டிங் கணக்கு. அதே மாதத்தில் வாத்தியார் வேலை பார்ப்பவருக்குப் பொதுத்தேர்வு, பத்தாவது படிக்கும் பிள்ளை உள்ளவருக்கும் பொதுத்தேர்வு. தையிலும் வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்த நாள் பார்த்துத் தேதியைத் தள்ள வேண்டும். கதாநாயகனுக்கு மச்சினிச்சி கல்யாணம் என்றால் நாடகமாவது ஒன்றாவது! ஆடியில் கல்யாணம் இல்லை. எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பார்கள். அதனால் புது நாடகத்தின் ரீடிங் வைக்க ஆடி நல்ல மாதம். புரட்டாசியிலோ ஐப்பசியிலோ வரும் சரஸ்வதி பூஜையன்று மேக்கப் பெட்டிக்கும் டேப் ரெக்கார்டருக்கும் பொட்டு வைத்துப் பொரிகடலை நைவேத்தியம். ஐப்பசி, கார்த்திகையில் மழை. திறந்தவெளி அரங்கை யாரும் நம்ப மாட்டார்கள். மார்கழி வந்தால் சென்னையின் அத்தனை அரங்கும் சங்கீதத்துக்குப் போய்விடும். நாடகக்காரர்கள் ரசிகர்களாக மாறி கேன்டீனில் சந்தித்துக்கொள்ளும் மாதம் அது.

ஒத்திகை நடக்கும் இடமும் பெரும்பாலும் யாரோ ஒருவருடைய மொட்டை மாடி, இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும் பள்ளிக்கூட வகுப்பறை. ஆறு மணிக்கு என்றால் ஆறரைக்கு இரண்டு பேர் வந்திருப்பார்கள். வராதவர் வசனத்தைப் பிராம்ப்டர் படிப்பார். பெஞ்சு சோபாவாகும், தண்ணீர்ச் சொம்பு டெலிபோனாகும். நடுவில் அந்த வீட்டு அம்மா பஜ்ஜியும் காபியும் கொடுத்தனுப்புவார். அந்தக் கால் மணி நேரத்தில்தான் நேற்றைய காட்சியில் ஏன் சிரிப்பு வரவில்லை என்பது பேசப்படும், யாருக்கு ஆபீஸில் டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்திருக்கிறது என்பதும் வெளியாகும். டிரான்ஸ்ஃபர் என்பது அமெச்சூர் குழுவின் பெரிய எதிரி. ஆனால் மாற்றலாகிப் போனவர்கள் மும்பையிலும் தில்லியிலும் இருந்த தமிழ்ச் சங்கங்களில் புதுக் குழு தொடங்கியதும் உண்டு. பூர்ணம் விஸ்வநாதன் தில்லியில் இருந்த காலத்தில் அங்கே தமிழ் நாடகம் செழித்ததை இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும்.

ஐம்பதுகளிலிருந்து சென்னையில் மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ், கிருஷ்ண கான சபா, நாரத கான சபா என்று புதிய சபாக்கள் எழுந்தன. ரசிக ரஞ்சனி சபாவும் வாணி மஹாலும் அதற்கு முன்பே இருந்தன. உறுப்பினர்கள் சந்தா கட்டுவார்கள், பதிலுக்குச் சபா மாதந்தோறும் சில நிகழ்ச்சிகள் தர வேண்டும், அதில் ஒன்றிரண்டு நாடகம். குழுக்களுக்கு இது வரம். டிக்கெட் விற்கும் தலைவலி இல்லை, அரங்க வாடகை இல்லை, நிரந்தரமான பார்வையாளர் உண்டு. ஒரே நாடகம் சபா சபாவாகச் சுற்றி நூறாவது மேடையைத் தொட்டது இதனால்தான். இருபத்தைந்து, ஐம்பது, நூறு என்று அந்த எண்களே திருவிழாக்கள் ஆயின. பிரமுகர் ஒருவர் தலைமை, நடிகர்களுக்கு ஷீல்டு, மேக்கப்மேனுக்கும் செட் போடுபவருக்கும் பொன்னாடை, இரவு எல்லாருக்கும் டிபன்.

இதற்குக் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். நாள் குறிக்கும் உரிமை குழுவின் கையை விட்டுப் போயிற்று. சபா செயலாளர் போன் செய்து தேதி சொல்வார், குழு தலையாட்டும். சபா உறுப்பினர் குடும்பத்தோடு வருபவர், அவருக்கு நெருடாத நாடகம் வேண்டும். துணுக்குத் தோரணமாக வந்த நகைச்சுவை நாடகங்களுக்கு இதுவும் ஒரு காரணம். 1968இல் சோவின் ‘முகமது பின் துக்ளக்’, 1980இல் கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ போன்றவை இதே சபா மேடைகளில் வந்தவைதான் என்பதால், சபாவை மொத்தமாகக் குறை சொல்வது நியாயமில்லை. ஆனால் அவை விதிவிலக்குகள். சபா தேதிகள் வரும்வரை சந்திக்காமல் இருந்து, தேதி வந்ததும் ஒரே ஒரு ஒத்திகையில் பழைய நாடகத்தைத் தூசி தட்டும் பழக்கம் பல குழுக்களுக்கு வந்துவிட்டது. பெயர் அமெச்சூர், நடைமுறை கான்ட்ராக்ட்.

1975இல் சென்னைத் தொலைக்காட்சி வந்தது. செவ்வாய்க்கிழமை நாடகம் குழுக்களுக்கு முதலில் புது மேடையாகத்தான் இருந்தது. உண்மையான அடி தொண்ணூறுகளில் தனியார் சேனல்களின் நெடுந்தொடர்களால் விழுந்தது. நடிகருக்குக் கால்ஷீட் வந்தது. எந்த மாலை காலியாக இருக்கும் என்று அவராலேயே சொல்ல முடியாமல் போயிற்று. பார்வையாளரும் அதே நேரத்தில் வீட்டில் அதே தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வார நாட்களில் நடந்த நாடகம் மெல்ல சனி, ஞாயிறுக்கு ஒதுங்கியது. பிறகு பலருடைய ஆண்டு கோடைக்குச் சுருங்கியது. கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நாரத கான சபாவில் நடத்திவரும் கோடை நாடக விழா இன்று பல குழுக்களுக்கு ஆண்டின் அச்சாணி. புது நாடகம் அங்கேதான் அரங்கேறும், அதற்காகவே ஜனவரியில் கதை தேடத் தொடங்குவார்கள். இந்த விழா இல்லையென்றால் புது நாடகம் எழுதுவதையே பலர் விட்டிருப்பார்கள் என்பதால் அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். அதே சமயம், ஆண்டுக்கு ஒரே ஒரு கெடு வைத்துக்கொண்டு இயங்கும் குழு மே மாதம் முடிந்ததும் உறங்கிவிடுகிறது.

இந்த நாட்காட்டியில் பெண்களுக்கு எங்கே இடம் இருந்தது என்ற கேள்வி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. சுகுண விலாச சபையில் பெண் வேடமும் ஆணுக்கே. பிற்காலத்தில் பெண்கள் நடிக்க வந்தபோதும் ஒத்திகை நேரம் ஆண்களின் அலுவலக மணியை வைத்தே அமைந்தது. மாலை ஏழிலிருந்து பத்து என்பது சமையல் நேரம், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் நேரம். ஒத்திகை முடிந்து வீட்டில் கொண்டுபோய் விடுவது யார் என்பது ஒவ்வொரு குழுவிலும் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். வெளியூர்ப் பயணம் என்றால் இன்னும் கேள்விகள். அதனால் பல குழுக்களில் பெண் பாத்திரம் ஒன்று அல்லது இரண்டோடு நின்றது. அந்த நடிகையும் பல குழுக்களுக்குப் பொதுவானவர். நாடகத்தன்று வந்து நடித்துவிட்டுப் போவார், பஜ்ஜியிலும் பேச்சிலும் அவருக்குப் பங்கில்லை. குழுவின் நாடகத்தில் இருந்தார், குழுவில் இல்லை. குடும்பமாக நாடகத்துக்கு வந்த இடங்களில் நிலைமை வேறு. ஜெயலலிதா தன் தாயார் சந்தியாவோடு யு.ஏ.ஏ. மேடையில் நடித்தது அப்படித்தான். பாம்பே ஞானத்தின் மகாலட்சுமி பெண்கள் நாடகக் குழுவில் ஆண் வேடம் உட்பட எல்லாமே பெண்கள். பெண்களே நாள் குறிக்கும் ஒரு குழு இத்தனை ஆண்டு நிற்க முடிந்திருக்கிறது என்பதை மற்றக் குழுக்கள் கவனித்துப் பார்த்திருக்க வேண்டும்.

சென்னையை விட்டு வெளியே வந்தால் கணக்கு மாறுகிறது. பொங்கலுக்கோ மாரியம்மன் திருவிழாவுக்கோ ஊர் இளைஞர்கள் போடும் சமூக நாடகத்துக்கு ஆண்டில் ஒரே இரவுதான். ஒரு மாதத்துக்கு முன்பே வாத்தியார் ஒருவர் வந்து வசனம் சொல்லித் தருவார். கதாநாயகியும் சீன் செட்டும் ஆர்மோனியமும் டவுனிலிருந்து வாடகைக்கு வரும். திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போனவர்கள் நாடகத்துக்காகவே இரண்டு நாள் முன்னால் ஊருக்கு வருவார்கள். அங்கே குழுவுக்குத் தனி நாட்காட்டி தேவைப்படவில்லை, ஊரின் நாட்காட்டியே போதும். ஊர் ஒற்றுமையாக இருக்கும் ஆண்டில் நாடகம் நடக்கும், தகராறு உள்ள ஆண்டில் நடக்காது. இந்த நாடகங்கள் இன்று பெரும்பாலும் ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கு இடம் கொடுத்துவிட்டன.

எழுபதுகளின் இறுதியில் வந்த நவீன நாடகக் குழுக்கள் சபாவின் நாட்காட்டி, ஊரின் நாட்காட்டி இரண்டையும் உதறிவிட்டுத் தொடங்கின. 1977இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பயிற்சி முகாமும், 1980இல் சோழமண்டலத்தில் பாதல் சர்க்கார் நடத்திய பட்டறையும் அந்தத் தலைமுறைக்குத் திருப்புமுனை. ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை, ஞாநியின் பரீக்‌ஷா, மு. ராமசுவாமியின் நிஜ நாடக இயக்கம், பிரளயனின் சென்னைக் கலைக் குழு எல்லாம் இந்த அலையில் வந்தவை. அதே காலத்தில், 1978இல், யாழ்ப்பாணத்தில் குழந்தை சண்முகலிங்கம் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். இவர்கள் கூடும் நாளுக்குப் பெயர் பட்டறை. காலையில் உடற்பயிற்சி, குரல் பயிற்சி, மதியம் ஒரே பந்தியில் சாப்பாடு, பிறகு விவாதம். மேடையேற்றம் இல்லாவிட்டாலும் பட்டறை உண்டு. வீதி நாடகக் குழுக்களுக்கு மே தினம், தேர்தல், போராட்டம் எல்லாம் ஆண்டுக் கணக்கில் அடங்கும். மார்ச் 27 உலக நாடக தினம். ஏப்ரல் 12 சஃப்தர் ஹாஷ்மியின் பிறந்த நாள். 1989 புத்தாண்டு நாளில் சாஹிபாபாத்தில் வீதி நாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டு மறுநாள் இறந்த அவர் நினைவாக அது தேசிய வீதி நாடக தினம் ஆயிற்று. இந்தக் குழுக்களுக்குப் பார்வையாளர் குறைவு, பணம் அதைவிடக் குறைவு. ஆனால் பட்டறைகளில் உருவான நடிகர்கள் தமிழ் சினிமா வரை பரவியிருக்கிறார்கள் என்றால், மேடை இல்லாத நாளையும் வேலை நாளாக வைத்திருந்தது அதற்கு ஒரு காரணம்.

இன்று நடிக்க வரும் இளைஞர்களில் பலர் ஐ.டி. ஊழியர்கள். அமெரிக்க நேரத்துக்கு மாலையில் மீட்டிங், சனிக்கிழமையும் சில சமயம் டெப்ளாய்மென்ட். வசனத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, ரீடிங்கை வீடியோ அழைப்பில் முடித்து, மேடை ஒத்திகையை நாடகத்தன்று மதியம் வைத்துக்கொள்கிறார்கள். நேரம் மிச்சம், பெட்ரோல் மிச்சம். ஆனால் எதிரில் நிற்பவரின் மூச்சை அறியாமல் நடிக்கும் காட்சியில் வசனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, ஒன்றுக்கு ஒன்று பதிலாக வருவதில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கு இது உடனே தெரிந்துவிடும். இந்த இளைஞர்களைக் கேட்டால் வாடகைக்கு இடம் கிடைப்பதில்லை என்கிறார்கள். அது உண்மை. மொட்டை மாடிகள் அடுக்குமாடிச் சங்கங்களின் கட்டுப்பாட்டுக்குப் போய்விட்டன; இரவு எட்டு மணிக்கு உரத்த குரலில் அழுது பார்க்க நகரத்தில் இடமில்லை. டிசம்பரைத் தவிர வார நாட்களில் இருண்டு கிடக்கும் சபாக்களின் சிற்றரங்குகளையும், ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும் அரசுப் பள்ளி வகுப்பறைகளையும் குறைந்த கட்டணத்தில் ஒத்திகைக்குத் திறந்துவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். விருதுக்கும் கேடயத்துக்கும் செலவாகும் பணத்தில் ஒரு பகுதியைச் சபாக்கள் இதற்கு ஒதுக்கலாம். மீதிப் பாதி குழுவின் கையில் இருக்கிறது: சபா தேதி வந்தாலும் வராவிட்டாலும் மாதத்தில் ஒரு ஞாயிறு எல்லாரும் கூடுவது, அன்று புதுப் பிரதி ஒன்றைச் சத்தமாகப் படிப்பது, பிறகு சேர்ந்து சாப்பிடுவது.